கல்லும் கோப்பும்

ஜவ்வாது மலையின் தெற்கு அடிவாரம் செங்கம் வட்டாரம். அங்குள்ள எடுத்தனூரின் நடுகல் ஒன்றை, மென்பொருள் எழுதுகிறவர்கள் ஒருமுறையாவது வாசிக்க வேண்டும் என்பேன். மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு. எருமைகளுக்காக நடந்த சண்டையில் ஒருவன் சாகிறான். அவன் பெயர் கல்லில் இருக்கிறது. கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற நாய்க்கும் பெயர் உண்டு: கோவிவன். எப்போது, யார், எதற்காக என்ற விவரமெல்லாம் உருவத்தோடு ஒரே கல்லில். தனி ஓலையில் எழுதியிருந்தால் ஓலை செல்லரித்திருக்கும். ஏதோ ஒரு ஆளும் நாயும் என்பதோடு நம் கதை முடிந்திருக்கும்.

அதே மலையின் மேலே காவலூர். 1986 முதல் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி அங்கே வானத்தைப் பார்க்கிறது. வானியலாளர்கள் படங்களைச் சேமிக்கும் ஃபிட்ஸ் என்ற கோப்பு வடிவமும் நடுகல் மாதிரிதான். முதலில் மனிதர் வாசிக்கக்கூடிய எழுத்து: தேதி, கருவி, பார்த்த பொருள். பிறகு படம். 1981இல் இதற்கான கட்டுரை வந்தபோது, தலைப்பின் ஒவ்வொரு வரிக்கும் 80 எழுத்து என வைத்தார்கள். துளை அட்டையின் அகலம் அது. அட்டை போய்விட்டது, 80 நிற்கிறது.

பழமைவாதம்னு சிரிக்கத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழைய கோப்பு எதையும் புதிய விதி செல்லாததாக்கக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. ஆண்டுக்கு இரண்டே இலக்கம் வைத்திருந்ததை 2000 நெருங்கும்போது நான்காக்கினார்கள். பழைய தேதியை 1900களாக வாசி என்று ஒரு விதியும் சேர்த்தார்கள். அவ்வளவுதான். ஓர் இரவின் வானத்தைத் திரும்ப எடுக்க முடியாதே! சுவடிகளைப் படமெடுத்துக் காக்க வத்திக்கான் நூலகம் இதே வடிவத்தைத் தேர்ந்ததில் வியப்பில்லை.

ஆனால் முன்னோர் செய்ததை அப்படியே எடுத்தால் அவர்கள் குறையும் கூடவே வரும். ஃபிட்ஸின் குறிச்சொல்லுக்கு எட்டு எழுத்துதான் இடம். தலைப்பில் ஆங்கில எழுத்து மட்டுமே செல்லும். காவலூரில் எடுத்த படத்தின் தலைப்பில் காவலூர் என்று தமிழில் எழுத முடியாது. பல்லவர் காலத்துக் கல் நாயின் பெயரையே ஊர்மொழியில் சொல்லிவிட்டது.

புதிதாக ஒரு வடிவம் செய்யப்போகிறவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். விவரத்தைப் படத்தோடு ஒட்டிவைப்பது, பழசை உடைக்காதிருப்பது: இவை எடுத்துக்கொள்ள வேண்டியவை. 80 எழுத்தும் ஆங்கிலமும் அந்தக் காலத்துக் கருவியின் வசதி. எது காரணம், எது வசதி என்று பிரிக்கத் தெரியாதவர், ஒன்று எல்லாவற்றையும் தூக்கிப்போடுவார், இல்லை எல்லாவற்றையும் சுமப்பார்.