கோளும் கோலும்

வானின் ஒழுங்கு குலையின் மண்ணுலக வாழ்வு என்னாகும் என்னும் வினாவை இக்கால அறிவியற் புனைகதைகளே முதன்முதல் எழுப்பின என்று கருதுவார் உளர். சங்கப் புலவர்க்கு அவ்வினா புதிதன்று. ஆயின், அவர்தம் பாடல்களில் வரும் வானத் திரிபுகளை வெறும் உயர்வு நவிற்சி என ஒதுக்குவாரும், பழைய மூடநம்பிக்கை என இகழ்வாரும் பாட்டின் உட்கிடையைத் தவற விடுகின்றனர்.

புறநானூற்று 35ஆம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார், ஞாயிறு நான்கு திசையிலும் தோன்றினும் வெள்ளி தெற்கே செல்லினும் காவிரி பாயும் சோணாடு வளங்குன்றாது என்கிறார். முன்னது நிகழாதது, பின்னது நிகழ்வது. வெள்ளிக்கோள் வானில் வடக்கும் தெற்குமாக மாறிச் செல்லும் இயல்பினது. பட்டினப்பாலையும் சிலப்பதிகார நாடுகாண் காதையும் இக்கருத்தையே காவிரியின்மேல் வைத்துக் கூறும். இதற்கு நில இயல்பும் சான்றாகும். காவிரி குடகு மலையில் தென்மேற்குப் பருவமழையாற் பெருகுவது. ஆதலின் சோணாட்டில் மழை பொய்த்த காலத்தும் ஆற்றில் நீர் வருதல் கூடும்.

கபிலரின் 117ஆம் பாட்டோ வேறு. பாரியின் நாடு காவிரி போலும் ஆற்றை நம்பாத புன்புலம். சனி புகையினும், வால்மீன் தோன்றினும், வெள்ளி தெற்கே ஓடினும் அந்நாடு மழை பொய்த்தலை அறிந்ததில்லை என்கிறார் அவர். அதற்கு அவர் சுட்டுவது ஆற்றை அன்று, செங்கோலையும் சான்றோரையுமே. இப்பாட்டுக் கையறுநிலைத் துறையது என்பதை மறத்தலாகாது. பாரியை வீழ்த்தியது கோள் அன்று, வேந்தர் பகையே.

புலவர்கள் வானக் குறிகளை நம்பினரல்லர் என்று இதனாற் கொள்ளுதல் பொருந்தாது. 229ஆம் பாட்டில் விண்மீன் வீழக் கண்டு அஞ்சிய கூடலூர் கிழார், ஏழாம் நாள் தம் சேரவேந்தன் இறந்தமை கூறி வருந்துகிறார். ஆங்கு அச்சத்தை எதிர்த்து நிற்கும் சொல் இல்லை. ஏனைய பாடல்களில் ‘செயின்’ என்னும் வாய்பாட்டு எச்சத்தோடு சேரும் உம்மையே அப்பணியைச் செய்கின்றது. அச்சத்தை மறுக்காது, அதற்கு எதிரே ஆட்சியறத்தை நிறுத்துவது அவ்வும்மை.

நாகனார் இதனை மேலும் வளர்க்கிறார். மழை பொய்த்தாலும் விளைவு குன்றினாலும் உலகம் பழிப்பது அரசனையே என இடித்துரைத்து, உழவரைக் காக்க வேண்டுகிறார். அப்பாடலால் அவர் நிலவரிப் பழங்கடன் நீங்கப்பெற்றார் என்பது பாட்டின் குறிப்பு. மணிமேகலையோ காரண முறையை மாற்றி, மன்னன் நெறி திரியின் கோள்நிலை திரியும், அதனால் மழை வறக்கும் என்கிறது. நாகனார் கூற்று உழவனுக்குப் பயன்பட்டது. மணிமேகலையின் கூற்று அரசனுக்கு அச்சமூட்டுவது.

தாம்பரத்திலிருந்து இப்பாடல்களைப் பயில்வார்க்குக் கபிலரே அணுக்கமானவர். சென்னையின் இத்தென்புறமும் காவிரி இல்லாதது; ஏரிகளை நம்பியது. 2015 டிசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த ஒரு நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று, முடிச்சூர் நீரில் மூழ்கிற்று. 2019 சூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் ஏறத்தாழ வறண்டன. இவ்விரண்டுக்கும் வெள்ளி தெற்கே சென்றமை காரணமன்று. மழையின் மிகுதியும் குறைவும் வானின் செயலாகலாம். ஏரியும் கால்வாயும் பள்ளிக்கரணைச் சதுப்பும் சுருங்கியது வானின் செயலன்று. மழை பொய்ப்பினும் மிகினும் காக்க வேண்டியது கோலின் கடன் என்பதே, ‘உம்மை’யின்வழி அப்புலவர் உணர்த்திய பொருளாம்.