முன்கதை தெரியாத இரும்பு

கோவளம் தாண்டி மாமல்லபுரம் போகிற வழியில் இப்போது ஒரு புது மோஸ்தர். கப்பல் கண்டெய்னரை வெட்டிக் காபிக் கடை, பழைய தண்டவாளத்தைத் தூணாக நட்டு ஓய்வு விடுதி, எங்கோ பிரித்த ஷெட்டின் கர்டரைக் கூரைக்கு ஏற்றிக் கடலோர வீடு. வாசலில் ‘பசுமைக் கட்டடம்’ என்ற பலகை. இரும்பின் பாதுகாப்பைப் பற்றி யாராவது வாய் திறந்தால் இவற்றைக் கொண்டாடுகிறவர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது: “1964 புயலில் கடலுக்குள் போன பாம்பன் கர்டர்களையே எடுத்து மறுபடி மாட்டினார்களே, அதைவிடவா?”

அந்த உதாரணமே அவர்களுக்கு எதிரான சாட்சி என்பதுதான் என் வாதம்.

நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உலகின் கரியமில வாயு உமிழ்வில் 7 முதல் 9 சதவீதம் உருக்குத் தொழிலிலிருந்து வருகிறது. தாதுவை ஊதுலையில் உருக்கி 1 டன் உருக்கு எடுத்தால் 2 டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. பழைய இரும்பை உருக்கினால் அது வெகுவாகக் குறையும். உருக்காமல் பீமைப் பீமாகவே திரும்ப மாட்டினால் இன்னும் குறையும். பேரீச்சம்பழத்துக்குப் பழைய இரும்பை வாங்கிப் போன சைக்கிள்காரர் காலத்திலிருந்து நம் ஊர் இதில் யாருக்கும் பின்தங்கியதில்லை. இதெல்லாம் சரி.

என் ஆட்சேபம் ஒன்றே ஒன்றுதான், பல வருடங்களாகச் சொல்லிவருவதுதான். இந்த இரும்பின் முன்கதை யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் முயல்வதும் இல்லை.

ஆலையிலிருந்து வரும் புது பீமோடு ஒரு சான்றிதழ் வருகிறது. எந்த வார்ப்பு, எவ்வளவு கார்பன், எவ்வளவு இழுத்தால் நெளியும் என்றெல்லாம் அதில் இருக்கும். காயலான்கடையிலிருந்து வரும் பீமோடு எடைச்சீட்டு மட்டுமே வருகிறது. கிலோ கணக்கில் வாங்கி, கிலோ கணக்கில் விற்று, கடைசியில் அது ஒரு வீட்டின் உத்தரமாகிவிடுகிறது.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் ஒரு கடையில் நின்று பார்த்தேன். கடலோர விடுதி ஒன்றுக்காக எடுத்து வைத்திருந்த 200 மி.மீ. ஐ-பீம். அட்டவணைப்படி அதன் நடுத்தகடு 5.7 மி.மீ. கனம் இருக்க வேண்டும். சுத்தியலால் தட்டியதும் அப்பளம் நொறுங்குவதுபோல் துரு பெயர்ந்தது. வெர்னியரை வைத்தேன். ஓரிடத்தில் 5.5, ஒரு சாண் தள்ளி 3.9. கடைப் பையன் நல்ல மனதோடுதான் சொன்னான்: “பட்டி வெச்சு கறுப்பு பெயின்ட் அடிச்சா ஒண்ணும் தெரியாது சார்.” அவன் சொன்னது முழுக்க உண்மை. ஒன்றும் தெரியாது. தெரியாமல் போவதுதான் ஆபத்து.

உள்நாட்டில் துரு மேலாகப் படர்ந்து, பார்த்தவுடன் தெரிந்துவிடும். உப்புக்காற்றில் அது குழி குழியாக உள்ளே இறங்குகிறது. ஒரு முறை கடலோரத்தில் இருந்த இரும்பின் குழிகளுக்குள் உப்பு தங்கிவிடும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ரெட் ஆக்சைடு பூசினால் அந்த உப்பு பூச்சுக்கு அடியிலேயே இருந்து மறுபடி அரிக்கத் தொடங்கும். மணலடித்து, கழுவி, உப்பு போய்விட்டதா என்று சோதித்த பிறகே பூச வேண்டும். இதற்குப் பணமும் நாளும் ஆகும். பழைய இரும்பு மலிவு என்று வாங்கியவர் அதற்குச் செலவழிப்பதில்லை.

தண்டவாளத் தூணின் கதை இதைவிட மோசம். கட்டட இரும்பில் கார்பன் சுமார் 0.2 சதவீதம்; தண்டவாளத்தில் அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். சக்கரத்தின் தேய்மானத்தைத் தாங்குவதற்காகச் செய்தது அது. முன்சூடு கொடுக்காமல் சாதாரண ராடால் வெல்டு வைத்தால் பற்றுக்கு அருகிலேயே மயிரிழை விரிசல் விழும். கண்ணுக்குத் தெரியாத அந்த விரிசலை நம்பி மேலே ஒரு மாடி ஏறுகிறது.

கண்டெய்னருக்கு முன்கதை உண்டு. 1972ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கைப்படி அதன் கதவில் ஒரு தகடு அறைந்திருக்கும்: தயாரித்த தேதி, தாங்கும் எடை, அடுக்கக்கூடிய சுமை. அலங்காரத்துக்காக முதலில் கழற்றப்படுவது அந்தத் தகடுதான். பிறகு ஜன்னலுக்காகப் பக்கச் சுவரை அறுக்கிறார்கள். அந்த நெளிதகடுதான் பெட்டியை விறைப்பாகப் பிடித்து வைத்திருந்தது. அது துருவுக்கு அஞ்சாத உருக்காயிற்றே என்கிறார்கள். உப்பு இடைவிடாமல் படியும் இடத்தில் அந்த உருக்கின் காப்புப் படலம் நிலைப்பதே இல்லை.

இப்போது பாம்பனுக்கு வருகிறேன். புயல் அடித்துப் போனவை 100க்கும் மேற்பட்ட கர்டர்கள். மீனவர்களின் உதவியோடு தேடி எடுத்து, ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தை நிமிர்த்தினார்கள். மகத்தான வேலை. ஆனால் அவை ரயில்வேயின் சொந்தக் கர்டர்கள். எந்த இடைவெளிக்குச் செய்தவை, எவ்வளவு சுமைக்குச் செய்தவை என்பது தெரியும். அதே பாலத்துக்கே, அதே வேலைக்கே திரும்பின. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் பெயின்ட் அடித்து, ஆய்வு செய்து, வேகத்தைக் கட்டுப்படுத்திக் காத்தார்கள். 2022 டிசம்பரில் பாலம் இனித் தாங்காது என்று கண்டதும் வண்டியை நிறுத்தினார்கள். முன்கதையும் தெரிந்து, பின்கதையையும் எழுதி வைத்த இரும்பு அது. விடுதிக் கூரையில் கிடக்கும் கர்டருக்கு இதில் எது உண்டு?

பிரிட்டனில் எஃகுக் கட்டுமான ஆய்வு நிறுவனம் 2019இல் ஒரு நெறிமுறை வகுத்தது. 1970க்கு முந்தைய கட்டடத்து இரும்பு வேண்டாம், பாலம்போல் அதிர்வில் களைத்தது வேண்டாம், துருவால் கனம் குறைந்தது வேண்டாம். மீதியை வகை பிரித்து, சோதித்து, எழுதி வைத்த பிறகே பயன்படுத்தலாம். லண்டன் ஒலிம்பிக் அரங்கின் கூரைச் சட்டத்தில் எரிவாயுக் குழாய்த் திட்டத்தில் மிஞ்சிய குழாய்கள் போயின. இன்னதற்காகச் செய்த குழாய் என்று தெரிந்துதான் போயின. நம்மிடம் 2019இன் பழைய இரும்புக் கொள்கை உண்டு, அது உலையைப் பார்க்கிறது. 2024இன் பசுமை உருக்கு வரையறை உண்டு, அது ஆலை உமிழும் கரியை அளக்கிறது. உருக்காமல் திரும்ப மாட்டும் பீமை யாரும் பார்ப்பதில்லை. பார்க்காத இடத்தில்தான் பலகை தொங்குகிறது.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இது தானமாக வந்த மாடு இல்லை. காசு கொடுத்து வாங்கியது. அதன் கீழே நாளை வேறொருவர் குழந்தையோடு தூங்கப் போகிறார். 30 வருடம் நிற்க வேண்டிய கூரை 8 வருடத்தில் அரித்து, புது இரும்பு வாங்கி மாற்றினால், மிச்சம் பிடித்த கரி எங்கே போயிற்று? சோதிக்காமல் மாட்டிய பழைய இரும்பைப் பசுமை என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பசுமைப் பலகை மாட்டுவதைத் தவறு என்றே சொல்வேன்.

மறுபயன்பாட்டுக்கு உண்மையான இடம் கடற்கரை இல்லை. மறைமலை நகரும் சிங்கப்பெருமாள் கோவிலும்தான். அங்கே போல்ட் போட்டு நிறுத்திய ஷெட்டுகள், வரைபடம் உள்ளவை, உப்புக்காற்றின் நேரடி வீச்சுக்கு எட்டாதவை. ஆனால் அவற்றைப் பிரிக்க வருபவர் ஸ்பேனரோடு வருவதில்லை, கேஸ் கட்டரோடு வருகிறார். லாரிக்குத் தோதாக 10 அடித் துண்டுகளாக அறுத்துவிடுகிறார். பீம் அங்கேயே செத்து, எடையாகிவிடுகிறது.

கோயில் திருப்பணியில் மண்டபத்தைப் பிரிக்கும்போது ஒவ்வொரு கல்லிலும் பெயின்டால் எண் எழுதுவார்கள். எந்தக் கல் எங்கே இருந்தது, எங்கே திரும்ப வேண்டும் என்பது அந்த எண்ணில் இருக்கும். சிற்பிகளின் ஊரான மாமல்லபுரத்துக்காரர்களுக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஷெட்டைப் பிரிக்கும் அன்று ஒவ்வொரு பீமிலும் ஓர் எண், அந்த எண்ணுக்கு ஒரு தாள், தாளில் கனமும் கார்பனும் வயதும். அந்தத் தாளோடு வரும் பீமை நானே வாங்கி என் வீட்டுக் கூரைக்கு ஏற்றுவேன்.