கடல்நீரும் நுரை மிதப்பும்: ஒரு மறுநோக்கு

தாதிலிருந்து செப்புக் கனிப்பொருளைப் பிரிக்கும் நுரை மிதப்பு முறைக்குப் பாடநூல்கள் தரும் விளக்கம் எளிமையானது. சாந்தேற்றுப் போன்ற சேகரிப்பான்கள் கனிப்பொருட் டுணிக்கைகளை நீர் ஒட்டாதனவாக்கும். பரப்புவினைப் பொருளாகிய நுரையாக்கி நீரின் மேற்பரப்பிழுவிசையைக் குறைத்துச் சிறு குமிழிகளைத் தோற்றுவிக்கும். துணிக்கைகள் அக்குமிழிகளிற் பற்றி மேலெழும். நன்னீரை மனத்திற்கொண்டு எழுந்த இவ்விளக்கம் கடல்நீருக்கு எவ்வளவு தூரம் பொருந்தும்?

இது வெறும் ஏட்டு வினாவன்று. சிலி நாட்டின் அத்தக்காமாப் பாலைவனத்தில் நன்னீர் அரிது. அங்குள்ள சென்டினெலாச் சுரங்கம் ஏறக்குறைய 145 கிலோமீற்றர் குழாய்வழி வரும் கடல்நீரை உப்பகற்றாமலே பயன்படுத்துகின்றது. எஸ்கொண்டிடாச் சுரங்கமோ மின்சக்தியை மிகுதியாக வேண்டும் உப்பகற்றலை நாடிற்று. எவ்வழி தக்கது என்பது உப்பின் தொழிற்பாட்டை நாம் எவ்வாறு விளங்கிக்கொள்கின்றோம் என்பதிற் பெரிதும் தங்கியுள்ளது.

கறியுப்பு நீரின் மேற்பரப்பிழுவிசையைக் குறைப்பதில்லை, சிறிது கூட்டுகின்றது. பாடநூற் கூற்றின்படி உப்புநீரிற் குமிழிகள் பெரிதாதல் வேண்டும். நிகழ்வதோ இதற்கு மறுதலை. உப்புச் செறிவு லீற்றருக்கு ஏறத்தாழ 0.1 மூலை அண்மியதும் குமிழிகள் ஒன்றோடொன்று இணைவது தடைப்படுகின்றது. சோடியம் பேர்குளோரேற்றுப் போன்ற சில உப்புக்களோ அவ்வாறு தடுப்பதில்லை. கிரேக், நினம், பஷ்லி ஆகியோர் 1993 இல் வெளியிட்ட ஆய்வு இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கிற்று. கடல்நீரின் செறிவு அவ்வெல்லைக்கு மிக மேலானது. ஆதலின் அங்கு நுரையாக்கியின் தேவை குறைகின்றது. மேற்பரப்பிழுவிசை ஒன்றையே காரணமாகக் காட்டும் விளக்கம் இவ்விடத்துத் தோல்வியுறுகின்றது.

எனினும், உப்பு நன்மையே பயக்கும் என மறுகோடிக்குச் செல்வதும் தவறாகும். பைரைற்று மிதவாதிருக்கச் சுண்ணாம்பிட்டுப் பீஎச் பெறுமானத்தை 10 இற்கு மேல் உயர்த்துவது வழக்கம். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 1.3 கிராம் மகனீசியம் உண்டு. அக்காரநிலையில் அது ஐதரொட்சைட்டாக வீழ்படிகின்றது. அவ்வீழ்படிவு மொலிப்தனைற்றுத் துணிக்கைகளை மூடி நீர் ஒட்டுவனவாக்கி அவற்றின் மிதப்பைக் கெடுக்கின்றது. சுண்ணாம்புச் செலவையும் கூட்டுகின்றது.

ஆகவே குற்றவாளி 'உப்பு' எனும் பொதுப்பெயரன்று. மகனீசியம் அயனே இங்கு முதன்மையான தடையாகும். பைரைற்றை அடக்கச் சுண்ணாம்புக்கு மாற்றாக மெற்றாபைசல்பைற்றை இட்டுத் தாழ்ந்த பீஎச் பெறுமானத்திற் பணியாற்றலாம்; அன்றி, மகனீசியத்தை மட்டும் முன்னரே நீக்கலாம். எல்லா உப்பையும் அகற்றுவதே வழியெனல் பொருந்தாது. தூயநீரிற் கண்ட ஒழுங்கைப் பொதுவிதியாகக் கற்பிக்கும் எமது பழக்கம் மாறுதல் வேண்டும். அயன்தோறும் ஆராய்ந்து முடிவுகாண்பதே அறிவியன் முறையாகும்.