பெருந்தீயும் பிள்ளைகளும்

பள்ளித் தவணை ஒன்றை முழுவதும் ஒரு வரலாற்றுப் பொருளைச் சுற்றி அமைப்பது இங்கிலாந்துத் தொடக்கப் பள்ளிகளில் நெடுநாளாக வேரூன்றிய முறையாகும். 1967ஆம் ஆண்டில் வெளிவந்த பிளவுடன் அறிக்கை, பாடங்களைத் தனித்தனியே பிரித்துப் புகட்டுவதைக் காட்டிலும், குழந்தையின் ஆர்வத்தைப் பின்பற்றி அவற்றை இணைத்துக் கற்பிப்பதையே விரும்பியது. 1992இல் அலெக்சாந்தர், ரோஸ், உட்ஹெட் ஆகிய மூவர் எழுதிய அறிக்கையோ, அவ்வாறு இணைத்த பாடங்களுட் பல ஆழமின்றிப் போயின எனக் குறை கூறியது. இவ்விரு கருத்துகளையும் சீர்தூக்கிப் பார்க்க, அங்குப் பரவலாகக் கையாளப்படும் ஒரு பொருளையே உரைகல்லாகக் கொள்ளலாம். அது 1666ஆம் ஆண்டின் இலண்டன் பெருந்தீ. 2014இல் நடைமுறைக்கு வந்த நாட்டுப் பாடத்திட்டம், ஐந்து முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைகளின் வரலாற்றுப் பகுதியில் இதனை ஓர் எடுத்துக்காட்டாகச் சுட்டுகிறது.

பொருளின் தேர்வைக் குறை கூறுவதற்கில்லை. செப்டம்பர் 2ஆம் நாள் விடியுமுன், புட்டிங் லேன் என்னும் தெருவில், தாமஸ் பாரினர் என்பாரின் ரொட்டிக் கடையில் மூண்ட தீ சில நாள்களுக்குள் ஏறத்தாழ 13,200 வீடுகளையும், 87 மாதாகோயில்களையும், பழைய செயின்ட் பால் பேராலயத்தையும் அழித்தது. கோடையின் வறட்சி, கிழக்குக் காற்று, நெருங்கி நின்ற மரவீடுகள், வீடுகளை இடித்துத் தீயை மறிக்கத் தயங்கிய மேயர் என அதன் காரணங்கள் சிறு பிள்ளையும் விரல்விட்டு எண்ணத்தக்கவை. சாமுவேல் பீப்ஸ், ஜான் ஈவ்லின் என்னும் இருவர் கண்ணாரக் கண்டதை நாட்குறிப்பில் எழுதி வைத்தனர். தம் பாலாடைக் கட்டியைத் தோட்டத்தில் புதைத்துக் காத்த பீப்ஸைக் குழந்தைகள் எளிதில் மறவார்.

குறை இருப்பது திட்டத்தில்தான். மொழிப் பாடத்தில் பீப்ஸைப் போல் நாட்குறிப்பு எழுதுதல், கணக்கில் ரொட்டிகளைக் கூட்டிக் கழித்தல், ஓவியத்தில் செவ்வானத்தின் முன் கருநிறக் கூரைகள், கைவேலையில் அட்டை வீடுகள், தவணை முடிவில் அவ்வீடுகளைத் தக்க காவலுடன் திடலில் எரித்துக் காட்டுதல் என அது விரிவதுண்டு. பார்வைக்கு எல்லாம் ஒன்றாகக் கோத்த மாலை போல் தோன்றும். ஆயினும் ரொட்டிக் கணக்கிலிருந்து 1666ஐ நீக்கிவிட்டாலும் கணக்கு மாறுவதில்லை. வரலாறு அங்குப் பெயருக்கு நிற்கிறதேயன்றி வேலை செய்யவில்லை. அட்டை வீடுகளும் அவ்வாறே. ஒரு வரிசையை நெருக்கமாகவும், மற்றொன்றை இடைவெளி விட்டும் அமைத்து எரித்தால், தீ ஏன் பரவிற்று என்பது விளங்கும். அது பாடம். மொத்தமாகக் குவித்து எரித்தால் அது வெறும் வேடிக்கை.

இதனினும் பெரிய குறை, கதையை எங்கு நிறுத்துவது என்பதில் உள்ளது. பல திட்டங்களில் தீ ரொட்டிக் கடையில் தொடங்கிச் செங்கல் வீடுகளில் முடிகிறது. இடையில் ஒரு மனிதர் விடுபடுகிறார். அப்பொழுது இங்கிலாந்து டச்சுக்காரரோடும் பிரெஞ்சுக்காரரோடும் போரிட்டுக் கொண்டிருந்தது. அந்நியரே தீ வைத்தனர் என்னும் வதந்தி எழ, தெருவில் அவர்கள் தாக்கப்பட்டனர். இராபர்ட் ஹியூபர்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் தாமே தீ வைத்ததாக ஒப்புக்கொண்டார். அவர் கூற்று முன்னுக்குப்பின் முரணாயிருந்தும், அவ்வாண்டு அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். தீ மூண்டு இரண்டு நாள் கழித்தே அவர் இலண்டனில் கரையிறங்கினார் என்பது பின்னர்த் தெரியவந்தது. பெருந்தீயின் நினைவுத்தூணில் கத்தோலிக்கர்மீது பழிசுமத்தி 1681இல் பொறித்த சொற்களோ 1830இல்தான் நிலையாக அகற்றப்பட்டன.

ஆறு வயதுக் குழந்தைக்கு இது கொடிய செய்தியன்றோ எனச் சிலர் தடை கூறலாம். தடையில் நியாயம் உண்டு. தூக்குமேடையை வண்ணித்துக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் நகரமே எரிந்த கதையைத் தாங்கும் பிள்ளை, குற்றமற்றவர்மீது பழி விழுந்தது என்பதையும் தாங்கும். பள்ளித் திடலில் தான் செய்யாததற்குப் பழி ஏற்பது எத்தகையது என்பதை ஆறு வயதுப் பிள்ளை அறியும். மேலும், தீ மூண்ட நாள் இரண்டாம் தேதி, அவர் வந்தது இரண்டு நாள் கழித்து, எனின் அவர் தீ வைத்திருக்கக் கூடுமா? இந்தக் கணக்கில் 1666ஐ எடுத்துவிட்டால் கணக்கே இல்லை. பாடங்களை இணைத்தல் என்பதற்கு உண்மையான பொருள் இதுவே.

ஆகவே தவணைத் திட்டத்தை ஒரு பொருளின் பெயரால் தொடங்காமல், வினாக்களால் தொடங்குவது நன்று. தீ ஏன் பரவிற்று? அதனை இன்று எவ்வாறு அறிகிறோம்? யார்மீது பழி போட்டனர், அது சரியா? 1667ஆம் ஆண்டின் மறுகட்டுமானச் சட்டம் செங்கல்லையும் கருங்கல்லையும் வற்புறுத்தியதால் என்ன மாறிற்று? இந்நான்கிற்கும் விடை தேட உதவும் ஓவியமும் கணக்கும் கைவேலையும் தவணையில் இடம் பெறுக. உதவாதவை தத்தம் பாட வேளைக்கே செல்க. அவற்றை வரலாற்றின் பெயரால் அழைக்க வேண்டுவதில்லை.

பதிவான சாவுகள் மிகச் சிலவே என்பர். ஏழையின் சாவை அந்நாளில் எவர் பதிந்தார் என்று ஒரு குழந்தை கேட்குமானால், அத்தவணை வீணாகவில்லை என்று ஆசிரியர் மகிழலாம். வீடுகள் எரிந்த செய்தியைப் படம் பார்த்தும் அறியலாம். பிறர் சொன்ன பழியை ஆராய்ந்து ஏற்கும் பழக்கத்தையோ பள்ளிதான் தர வேண்டும்.