2000 சதவீதம் சரி, எதனுடைய 2000 சதவீதம்?

எங்க ராயகிரிப் பக்கம் சளி பிடித்தாலும் மூட்டு வீங்கினாலும் மிளகு தட்டிப் போட்ட மஞ்சள் பால்தான். அதில் எனக்குச் சண்டை இல்லை, குடிக்க நல்லாத்தான் இருக்கு. "மிளகு சேர்த்தால் குர்குமின் 2000 சதவீதம் கூடுதலாக உடம்பில் சேரும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதில்தான் சண்டை.

எண் பொய்யில்லை. 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வில் வந்தது. ஆனால் அங்கே கொடுத்தது மஞ்சள் தூள் அல்ல. பிரித்தெடுத்த குர்குமின் 2 கிராம், மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம். மஞ்சளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம்தான். அப்போ 2 கிராமுக்கு 60 கிராமுக்கு மேல மஞ்சள் வேணும். நம்ம டம்ளரில் விழுவது அரை ஸ்பூன்! அதோடு, குர்குமினை மட்டும் கொடுத்தபோது ரத்தத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே தென்படவில்லை. அந்த ஒன்றுமில்லாததைத்தான் இருபது மடங்காக்கியிருக்கிறார்கள்.

ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் செல்களில் குர்குமின் அழற்சியை அடக்குவது உண்மை. மூட்டுத் தேய்மானச் சோதனைகள் சிலவற்றில் வலி குறைந்ததாகவும் வந்திருக்கு. அதெல்லாம் செறிவூட்டிய மாத்திரைகளை வைத்து, பால் டம்ளரை வைத்து இல்லை.

பைப்பரின் வேலை செய்யும் விதம்தான் யாரும் ஃபார்வர்ட் செய்யாதது. வேண்டாததைக் கழிக்கும் கல்லீரலின் வேலையை அது மந்தமாக்குகிறது. குர்குமினுக்கு மட்டுமல்ல, வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயினின் அளவும் ரத்தத்தில் ஏறுகிறது. வலிப்பு மாத்திரை சாப்பிடும் தாத்தாவுக்கு "இயற்கைதானே" என்று குர்குமின்-பைப்பரின் மாத்திரை வாங்கித் தருகிறவர்கள் அதை டாக்டரிடம் சொல்வதும் இல்லை.