சிறுபொழுதும் நாழிகைக் கணக்கும்

அகப்பொருள் கற்பிக்கும் பாடநூல்களில் ஓர் அட்டவணை காணப்படுகின்றது. 6 மணி முதல் 10 மணி வரை காலை. 10 முதல் 2 வரை நண்பகல். இவ்வாறே எற்பாடு, மாலை, யாமம், வைகறை. ஒவ்வொன்றும் 10 நாழிகை. ஆறும் கூடின் 60 நாழிகை கொண்ட ஒரு நாள். கணக்கு எச்சமின்றி முடிகின்றது. அதுவே எமக்கு ஐயம் விளைக்கின்றது.

சிறுபொழுது ஆறெனக் கொள்வார் வைகறையும் விடியலும் வேறென்பர். நாற்கவிராச நம்பியோ ஐந்தென வகுத்தார். ஐந்தாயின் ஒன்று 12 நாழிகை ஆதல் வேண்டும். மாலை இரவு 11 மணியளவும் நீளும். ஆநிரை புகுந்து ஊரும் உறங்கிய பின்னர் அதனை மாலை என்பார் யார்? 10 மணி வரை எனினும் இவ்விடர் முற்றும் நீங்காது.

பஞ்சாங்க முறையும் இவ்வட்டவணைக்குத் துணை நில்லாது. நாழிகை 24 நிமிடம் என்பது மாறா அளவே. ஆயின் எண்ணத் தொடங்குமிடம் ஞாயிற்றின் உதயம். ஒரு திதி 14 நாழிகை எனக் குறிக்கப்பெறின், அன்றைய உதயத்திலிருந்து 14 நாழிகை என்பதே பொருள். பகலின் அளவும் மாறுவது. அதனை அகசு எனத் தனியே குறிப்பர். சென்னையில் அது மார்கழியில் ஏறத்தாழ 28½ நாழிகை, ஆனியில் 32. பகலின் எட்டிலொரு கூறாகிய இராகு காலத்தை எந்நாளும் 1½ மணி எனச் சுவர் நாட்காட்டிகள் அச்சிடுதலும் கடிகாரம் தந்த எளிமையே.

சான்றோர் அளவைக் காலத்தை அறியாதவரல்லர். முல்லைப்பாட்டில், பாசறைக்கண் நாழிகைக் கணக்கர் கன்னலால் பொழுதளந்து அரசற்கு உணர்த்துகின்றனர். அகநானூறு 43ஆம் பாட்டில் மழை ஞாயிற்றை மறைத்தலின், கன்னல் எண்ணுவாரன்றிப் பிறர் பொழுதறியார். குறுந்தொகை 261ஆம் பாட்டின் தலைவி தன் துயிலாமைக்கு நாழிகை எண்ணும் காவலரை உவமை கூறுகின்றாள். எண்ணியறிதல் வேறு, கதிரையும் மலரையும் கண்டறிதல் வேறு என்பது அவர்கள் நன்குணர்ந்ததே.

குறுந்தொகை 234ஆம் பாட்டை ஈண்டு ஊன்றி நோக்குதல் தகும். மிளைப்பெருங் கந்தனாரின் தலைவி, வானம் சிவப்பதும் முல்லை மலர்வதும் கொண்டு மாலையை அறுதியிடுவோரை மறுக்கின்றாள்; துணையைப் பிரிந்தார்க்குக் கோழி கூவும் விடியலும் மாலை, பகலும் மாலை என்கின்றாள். உலகறிந்த குறிகளை முதலில் எடுத்துக்கொண்டு, பின் அவற்றையே போதா என விலக்குகின்றாள். மாலை என்பது 10 நாழிகையே எனின் இக்கூற்று வெறுங் கணக்குப் பிழையாய் ஒழியும். பிரிந்திருத்தலின் துயரோடு அச்சொல் பிணைந்திருத்தலினாற்றான் செய்யுள் நிற்கின்றது.

மணிக்கணக்குக் காட்டி, நற்செய்யுளுக்குத் திணைமயக்கம் என முத்திரையிடும் மாணவர் கட்டுரைகளை யாம் கண்டதுண்டு. பிழை மாணவருடையதன்று. தொடக்க நிலையில் அட்டவணை பயன்படுமேல் இருக்கட்டும். அதன் தலைப்பில் ஏறத்தாழ என்னும் ஒரு சொல்லேனும் சேர்த்தல் வேண்டும். 234ஆம் பாட்டைக் கற்பிக்கும் நாளில் அதனை மூடிவைத்தலும் நன்று.