பாதித் தண்ணீர்க் கணக்கு

மீன் கழிவில் பிறக்கும் அம்மோனியாவை பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. வெறும் மீன்தொட்டியில் அந்த நைட்ரேட் கழிவு. நீர்ச்செடிகள் வளரும் செடித்தொட்டியில் அதுவே உணவு. அங்கே அதை எந்த அளவில் வைப்பது என்று கேட்டால், பலரும் கைகாட்டுவது அமெரிக்கரான டாம் பார் பரப்பிய ‘எஸ்டிமேட்டிவ் இண்டெக்ஸ்’ முறையைத்தான். செடிகளின் தேவைக்குச் சற்று மேலாகவே உரம் போட வேண்டும். வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும். அளந்து பார்க்கத் தேவையில்லை.

இந்த முறைக்கு நாம் பட்ட கடன் பெரியது. 1996-இல் சியர்ஸ், கான்லின் என்ற இருவர் எழுதிய கட்டுரை, பாஸ்பேட்டைப் பற்றாக்குறையில் வைத்தால் பாசி அடங்கும் என்றது. உரம் என்றாலே பாசி என்ற அச்சம் வேரூன்றியிருந்த காலம் அது. பார் தன் தொட்டிகளில் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் வேண்டுமென்றே ஏற்றினார். செடிகள் செழித்திருக்கும் இடத்தில் அதனால் மட்டும் பாசி வருவதில்லை என்று காட்டினார். நைட்ரேட் அற்றுப்போன தொட்டியில் அடியிலைகள் மஞ்சளாகி உதிர்வதைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று புரியும்.

அதன் கணக்கும் அழகானது. வாரத்துக்கு லிட்டருக்கு 15 மில்லிகிராம் நைட்ரேட் சேர்க்கிறோம். செடிகள் ஒரு துளியும் எடுக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். வாரம்தோறும் பாதித் தண்ணீர் வெளியேறினால், எத்தனை மாதமானாலும் நாம் போட்ட உரத்தால் அளவு 30-ஐத் தாண்டாது.

ஆனால் மாற்றி ஊற்றும் தண்ணீரில் நைட்ரேட் இல்லை என்ற அனுமானத்தின் மேல்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. நம் ஊரில் அது பல வீடுகளுக்குப் பொருந்தாது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம். தமிழ்நாட்டில் பல இடங்களில் நிலத்தடி நீர் அதையும் மீறுகிறது. போர் தண்ணீரில் 40 இருந்தால், மேலே சொன்ன உச்சம் 30-லிருந்து 70-க்குப் போய்விடும். எத்தனை முறை மாற்றினாலும் 40-க்குக் கீழே இறக்கவும் முடியாது. தண்ணீர் மாற்றுவதே மருந்து என்று நம்பி, நைட்ரேட்டைக் குறைக்க விரும்பும் இறால் வளர்ப்பவர் மேலும் மேலும் மாற்றிக்கொண்டிருப்பார். அந்த வீட்டில் நைட்ரேட்டும் பொட்டாசியமும் தரும் வெடியுப்பு, அதாவது உரக்கடையின் 13-0-45, தேவையே இல்லை. பொட்டாசியத்துக்கு 0-0-50 எனப்படும் பொட்டாசியம் சல்பேட் போதும்.

இன்னொரு குறை எனக்கு உறுத்தலானது. 200 லிட்டர் தொட்டிக்கு வாரம் 100 லிட்டர். 2019 கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த சென்னையில் இதை இயல்பான பழக்கமாகப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. வெளியேற்றும் நீர் மாடித்தோட்டத்துக்குப் போனால் உரமாவது வீணாகாது. தவிர, இந்த அளவு உரமும் தண்ணீர் மாற்றமும் எல்லாத் தொட்டிக்கும் வேண்டியதும் இல்லை. பலத்த விளக்கும் கார்பன் டை ஆக்சைடும் கொடுத்து ரொட்டாலா செடி வளர்ப்பவருக்கு வகுத்த அளவை, மங்கலான வெளிச்சத்தில் அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் வைத்திருப்பவர் அப்படியே பின்பற்றுகிறார். அவை எடுப்பதோ மிகக் குறைவு. பல நேரம் மீன் கழிவே போதும்.

அளக்கவே வேண்டாம் என்ற பகுதியைத்தான் நான் முதலில் திருத்துவேன். தொட்டியைவிடக் குழாயை அளப்பது முக்கியம். நைட்ரேட் அளக்கும் சொட்டு மருந்துப் பெட்டிகளின் மேல் அவநம்பிக்கை நியாயமானதே: சில பெட்டிகள் நைட்ரேட்டைச் சொல்லாமல் நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனைச் சொல்கின்றன, இரண்டுக்கும் 4.4 மடங்கு வித்தியாசம். சரிபார்க்க வழி உண்டு. 1.63 கிராம் தூய வெடியுப்பைக் கரைத்து ஒரு லிட்டராக்கி, அதில் 20 மில்லியை எடுத்து மறுபடி ஒரு லிட்டராக்கினால் நைட்ரேட் 20. வீட்டில் பயன்படுத்தும் வடிகட்டிய நீரிலேயே செய்யலாம், அதன் சொந்த அளவைக் கழித்துவிட்டு. பெட்டி அந்த எண்ணைக் காட்டினால், போர் தண்ணீரைக் கோடையில் ஒருமுறையும் மழை ஓய்ந்ததும் ஒருமுறையும் அளந்து, உரத்தின் அளவை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம்.